மொழி நம் எண்ணத்தை எவ்வளவு மாற்றுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொழியும் சிந்தனையும் பற்றிப் பேச்சு வந்தாலே திரும்பத் திரும்ப எழும் ஐயங்கள் இவை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறோம். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால். ஓரிடத்தில் விளக்கியதை இன்னோரிடத்தில் திரும்பச் சொல்லவில்லை.

மொழிதான் நம்ம சிந்தனையையே தீர்மானிக்குதுன்னு சொல்றாங்களே, உண்மையா?

"தீர்மானிக்கிறது" என்றால் இல்லை. "பழக்குகிறது" என்றால் பல இடங்களில் ஆம். எந்த மொழியிலும் எதையும் சுற்றி வளைத்தாவது சொல்லிவிடலாம். ஆனால் ஒவ்வொரு மொழியும் சிலவற்றைச் சொல்லியே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தும். மொழிகள் வேறுபடுவது எதைச் சொல்ல முடியும் என்பதில் அல்ல, எதைச் சொல்லாமல் விட முடியாது என்பதில்தான் என்று மொழியியலாளர் ரோமன் யாகப்சன் 1959இல் எழுதினார். இந்தப் பக்கம் முழுவதற்கும் அந்த ஒரு வரி போதும்.

தமிழில் ஒருவரிடம் "வா" என்பதா "வாங்க" என்பதா என்று முடிவு செய்யாமல் அவரை அழைக்கவே முடியாது. அவர் வயது என்ன, நமக்கு என்ன முறை, முன்பின் பழக்கம் உண்டா என்று ஒரு நொடிக்குள் கணக்குப் போட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தில் அந்தக் கணக்கு இல்லாமலே வாக்கியம் முடிந்துவிடும். ஆங்கிலேயருக்கு மரியாதை தெரியாது என்று இதற்குப் பொருளில்லை. ஒவ்வொரு வாக்கியத்திலும் அதைக் கவனிக்கும் கட்டாயம் அவர்களுக்கு இல்லை, அவ்வளவுதான்.

இதை முதல்ல சொன்னது யாரு?

18, 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஃபான் ஹும்போல்ட் போன்றவர்கள் பேசியதுதான். ஆனால் இன்று எல்லோர் வாயிலும் வரும் பெயர் பெஞ்சமின் லீ வோர்ஃப் (1897–1941). அமெரிக்காவில் தீ விபத்துக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பொறியாளர். எட்வர்ட் சபீரிடம் மொழியியல் படித்தவர். தொழிலாளர்கள் நிரம்பிய பெட்ரோல் பீப்பாய் அருகே கவனமாக இருக்கிறார்கள், "காலி" பீப்பாய் அருகே சிகரெட் பற்றவைக்கிறார்கள், காலிப் பீப்பாயில் தங்கும் ஆவிதான் பெரிய ஆபத்து, "காலி" என்ற சொல்தான் அவர்களை ஏமாற்றியது என்றார். நல்ல கதைதான். ஆனால் ஆவி கண்ணுக்குத் தெரியாது. சொல் ஏமாற்றியதா, கண் ஏமாற்றியதா என்று இதை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

அரிசோனாவின் ஹோப்பி மொழியில் நாம் காலம் என்று சொல்வதைக் குறிக்கும் சொற்களோ இலக்கண வடிவங்களோ இல்லை என்றும் வோர்ஃப் எழுதினார். ஏக்கஹார்ட் மலோட்கி 1983இல் 600 பக்கத்துக்கு மேற்பட்ட நூலில் ஹோப்பியின் காலச் சொற்களை அடுக்கி அதை மறுத்தார். அதன்பின் இந்தத் துறையே கொஞ்ச காலம் கேலிப்பொருளானது. 1990களில் ஆய்வாளர்கள் கதையை விட்டுச் சோதனையைக் கையில் எடுத்த பிறகுதான் மரியாதை திரும்பியது.

எஸ்கிமோக்களுக்குப் பனிக்கு நூறு சொல் இருக்காமே?

இல்லை. மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் 1911இல் காட்டியவை நான்கு வேர்ச்சொற்கள்: தரையில் கிடக்கும் பனி, விழும் பனி, காற்றில் அடித்துப்போகும் பனி, குவிந்த பனி. அது கைமாறி கைமாறி ஐம்பது, நூறு, இருநூறு என்று ஊதிப்போன கதையை லாரா மார்ட்டின் 1986இல் தோண்டி எடுத்தார்.

எஸ்கிமோ மொழிகள் ஒட்டு மேல் ஒட்டாகச் சேர்த்து ஒரே சொல்லில் வாக்கியத்தையே அடக்குபவை. அப்படியிருக்க "எத்தனை சொல்" என்று எண்ணுவதே வீண். தமிழில் "வந்துகொண்டிருந்தவர்களுக்காகவா" என்பது ஒரு சொல்லா, ஆறா? எண்ணிப் பாருங்கள், சிக்கல் புரியும்.

ஒரு சொல் இல்லேன்னா அந்த எண்ணமே வராதா?

வரும். "ஊடல்" என்பதற்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் இல்லை. ஆனால் அங்கே யாரும் கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பாமல் இல்லை. சொல் என்பது ஒரு கைப்பிடி. பாத்திரம் கைப்பிடி இல்லாமலும் இருக்கும், தூக்குவதற்குத்தான் சிரமம்.

விதிவிலக்காகத் தெரிவது எண். அமேசான் காட்டின் பிரஹா மொழியில் எண்ணும் சொற்களே கிடையாது, கொஞ்சம், அதைவிடக் கூட, நிறைய என்ற அளவுதான். கண்ணெதிரே வரிசையாக வைத்த பொருளுக்கு ஒன்றுக்கு ஒன்று இணையாக அவர்களால் எடுத்து வைக்க முடிகிறது. மறைத்துவிட்டு, நினைவிலிருந்து அதே எண்ணிக்கையை வைக்கச் சொன்னால் நான்கைந்துக்கு மேல் தோராயமாகிவிடுகிறது. எண்ணுச்சொல் ஒரு கருவி. அது இல்லாவிட்டால் துல்லியமான தொகையை மனதில் எடுத்துச் செல்வது கடினம்.

இடது, வலதுன்னே சொல்லாத மக்கள் இருக்காங்களா?

இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கூகு யிமிதிர் பேசுபவர்கள் (கங்காரு என்ற சொல் 1770இல் ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் கப்பலாரிடம் வந்து சேர்ந்தது இவர்களிடமிருந்துதான்) பொருள் இருக்கும் இடத்தைத் திசையால் சொல்வார்கள். "உன் கிழக்குக் காலருகே எறும்பு" என்பது போல. ஜான் ஹேவிலண்டும் ஸ்டீபன் லெவின்சனும் இதை விரிவாகப் பதிவு செய்தார்கள். மெக்சிகோவின் செல்டால் மொழியினர் "மேட்டுப்பக்கம், பள்ளத்துப்பக்கம்" என்பார்கள், அவர்கள் மலைச்சரிவு விழும் திசைப்படி.

இப்படிப் பேச வேண்டுமானால் எந்த நேரமும் திசை தெரிந்திருக்க வேண்டும். அறைக்குள் இருந்தாலும், இருட்டானாலும். நேற்று நடந்ததைச் சொல்வதற்கும் அது எந்தத் திசையில் நடந்தது என்று நினைவில் இருக்க வேண்டும். மொழியின் கட்டாயம் நினைவையும் பழக்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இதுவரை இல்லை.

தமிழ்நாட்டுல இதைச் சோதிச்சிருக்காங்களா?

மொழியியலாளர் எரிக் பெடர்சன் மதுரைப் பகுதியில் சோதித்து 1990களில் வெளியிட்டார். ஒரே தமிழுக்குள் இரண்டு வழக்கங்கள் இருந்தன. கிராமத்துப் பேச்சில் ஒரு சாரார் சிறு பொருளுக்கும் "வடக்கால, தெக்கால" என்கிறார்கள். நகரத்தார் "இடதுபக்கம், வலதுபக்கம்". சொல் இல்லாத சோதனையிலும் (செய்முறை அடுத்த பதிலில்) அந்தந்தக் குழு பெரும்பாலும் தன் பேச்சுவழக்கின் பக்கமே சாய்ந்தது.

மேற்கு, கிழக்கு என்ற சொற்களே மேல், கீழ் என்பதிலிருந்து வந்தவை. மேலத்தெரு, கீழத்தெரு நமக்குப் பழக்கம்தானே. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கடலை நோக்கி இறங்கும் நிலத்துக்கு அது பொருந்தும். மலையாளத்திலும் "கிழக்கு" கிழக்குதான், ஆனால் அங்கே மலை இருப்பது கிழக்கே! சொல்லுக்குள் பள்ளம் ஒளிந்திருக்கிறது என்பதற்காக எந்த மலையாளியும் மலையேறும்போது இறங்குவதாக நினைப்பதில்லை. ஒரு சொல்லின் பிறப்பை வைத்து அதைப் பேசுபவரின் மனதை அளக்க வருபவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

அந்தச் சோதனையை வீட்டுல செஞ்சு பார்க்கலாமா?

செய்யலாம். முகம் எந்தப் பக்கம் என்று தெளிவாகத் தெரியும் நான்கு விலங்குப் பொம்மைகள், மூன்று நான்கு மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே இரண்டு மேசைகள் போதும். முதல் மேசைமுன் வடக்கு பார்த்து ஆளை நிறுத்துங்கள். மூன்று பொம்மைகளை ஒரே வரிசையாக, எல்லாம் அவருடைய வலப்பக்கம் (அதாவது கிழக்கே) பார்க்கும்படி வையுங்கள். "நல்லா ஞாபகம் வெச்சுக்குங்க" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பொம்மைகளை எடுத்துவிட்டு அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை காத்திருங்கள். பிறகு அவரைத் திருப்பி, தெற்கு பார்த்து இரண்டாம் மேசைமுன் நிறுத்தி, நான்கு பொம்மைகளையும் கையில் கொடுத்து, "முன்ன இருந்த மாதிரியே வைங்க" என்று சொல்லுங்கள். மீண்டும் தன் வலப்பக்கம் பார்க்க வைத்தால் தலைகள் மேற்கே இருக்கும்: இவர் தன் உடலை வைத்து நினைத்தார். தலைகள் கிழக்கே இருந்தால் திசையை வைத்து நினைத்தார். பொம்மைகள் பார்க்கும் பக்கத்தை மாற்றி மாற்றி ஐந்து முறை செய்யுங்கள், ஒரு முறை போதாது.

கெடுவது பெரும்பாலும் சோதிப்பவர் வாயால்தான். "வலது", "வடக்கு" என்று நீங்கள் ஒரு தடவை உச்சரித்தாலும் அன்றைய சோதனை வீண். "எந்த மாதிரி வைக்கணும்?" என்று அவர் கேட்டால் "உங்களுக்குத் தோணுற மாதிரி" என்பதுதான் ஒரே பதில். நான்காவது பொம்மையைச் சேர்ப்பதற்கும் காரணம் உண்டு: எந்த மூன்று என்று நினைவுபடுத்துவதில் கவனம் போய்விடும், பக்கம் பற்றிய முடிவு தானாக வரும். அறையில் ஒரு பக்கம் மட்டும் டிவியோ சன்னலோ இருந்தால் அதை அடையாளமாகப் பிடித்துக்கொள்வார்கள். "தெக்கால" என்று பேசுபவரா இல்லையா என்பதை எல்லாம் முடிந்தபின் கேளுங்கள்.

அது மொழியாலயா, இல்ல ஊர்ல திறந்தவெளியில வாழுறதாலயா?

சரியான இடத்தில் பிடித்தீர்கள். லீ, கிளைட்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 2002இல் இதையே கேட்டார்கள். அமெரிக்க மாணவர்களுக்கே சன்னல் திரையைத் திறந்துவைத்து, அடையாளப் பொருளையும் வைத்துச் சோதனையை நடத்தினால் விடை மாறுகிறது என்று காட்டினார்கள். லெவின்சன் குழு, அந்த அடையாளப் பொருள்தான் விடையைத் திரித்தது என்று மறுத்தது. சண்டை முழுதாக ஓயவில்லை. மதுரை முடிவையும் இந்த எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும், கிராமத்தாரும் நகரத்தாரும் பேச்சில் மட்டுமா வேறுபடுகிறார்கள்?

மொழியின் பங்கைத் தனியே காட்டுவது மத்திய அமெரிக்க நாடான நிகரகுவா. 1970களின் பிற்பகுதியில் மனாகுவாவில் காது கேளாத பிள்ளைகளை ஒரு பள்ளியில் சேர்த்தபோது, அவர்களுக்குள்ளேயே ஒரு புதிய சைகைமொழி பிறந்தது. முதலில் வந்தவர்களின் சைகையில் இடவலம் காட்டும் முறை நிலையாக இல்லை. பின்னால் வந்த பிள்ளைகள் அதை நிலைப்படுத்தினார்கள். வளர்ந்தபின் இரு குழுவினருக்கும் ஒளித்துவைத்த பொருளைத் தேடும் சோதனை வைத்தார்கள். வயதில் மூத்த முதல் குழு பின்தங்கியது. ஒரே ஊர், ஒரே பள்ளி, மொழியின் வளர்ச்சிதான் வேறு.

ரஷ்யர்களுக்கு நீலம் ரெண்டா தெரியுதாமே?

கண்ணுக்கு அதே நீலம்தான். ரஷ்ய மொழியில் வெளிர்நீலம் "கலுபோய்", அடர்நீலம் "சீனிய்". இரண்டையும் சேர்த்துச் சொல்லும் சொல் இல்லை. 2007இல் நடந்த சோதனையில், இரண்டு நீலங்கள் இந்த எல்லையின் இருபுறமும் இருந்தால் ரஷ்யர் சற்று விரைவாகப் பிரித்தார்கள். ஆங்கிலத்தாருக்கு அந்த வேகம் இல்லை. மனதுக்குள் எட்டு இலக்க எண் ஒன்றைச் சொல்லிக்கொண்டே செய்யவைத்தால் ரஷ்யருக்கும் அந்த வேகம் போய்விட்டது. அதாவது மொழி பார்வையை மாற்றிவிடவில்லை, பார்க்கும் அந்த நொடியில் கூடவே நின்று கைகொடுக்கிறது.

எல்லாச் சொல்லும் இப்படி வேலை செய்யும் என்று நினைக்க வேண்டாம். "பச்சைத் தண்ணி" என்னும்போது யார் கண்ணிலும் பச்சை நிறம் தெரிவதில்லை.

ஜெர்மன்காரங்க பாலத்தைப் பெண்ணா நினைக்கிறாங்கன்னு படிச்சேன். அப்ப தமிழர்கள்?

ஜெர்மனில் பாலம் பெண்பால், ஸ்பானியத்தில் ஆண்பால். அதனால் ஜெர்மானியர் பாலத்தை "அழகான, மெல்லிய" என்றும் ஸ்பானியர் "வலிமையான" என்றும் வர்ணித்தார்கள் என்று 2003இல் ஒரு கட்டுரையில் வந்தது, உலகம் சுற்றியது. அதைத் திரும்பச் செய்துபார்த்த ஓர் ஆய்வில் (2014) அதே முடிவு வரவில்லை. மேடையில் சொல்ல அருமையான எடுத்துக்காட்டு, ஆதாரமாக எடுத்துக்கொள்ள லாயக்கில்லை.

தமிழில் அந்தச் சிக்கலே எழாது. "உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே, அஃறிணை என்மனார் அவரல பிறவே" என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தைத் தொடங்குகிறது. பால் பொருளைப் பார்த்து வருகிறது, சொல்லைப் பார்த்து அல்ல. பாலமும் சாவியும் "அது"தான். ஆனால் குழந்தையும் "அழுகிறது" என்கிறோமே, அதற்காக எந்தத் தாயும் பிள்ளையைப் பொருளாக நினைப்பதில்லை. இலக்கணத்திலிருந்து உணர்ச்சிக்கு நேராகப் பாலம் போட முடியாது.

தமிழ்ல கடந்தகாலம் முன்னாடி இருக்கா, பின்னாடி இருக்கா?

இரண்டும். "முன்னோர்", "முன்பு" என்றால் கடந்தது. "பின்னால பாத்துக்கலாம்" என்றால் வரப்போவது. ஆனால் "எதிர்காலம்" நமக்கு எதிரே நிற்கிறது, "முன்னேற்றம்" அதை நோக்கிப் போகிறது. குழப்பமில்லை. ஒன்று வரிசைக் கணக்கு, ரேஷன் கடை வரிசையில் முதலில் வந்தவர் முன்னால் நிற்பது போல. மற்றது நாம் நின்று பார்க்கும் கணக்கு.

ஆண்டிஸ் மலையின் அய்மாரா மொழியில் "நய்ரா" என்றால் கண், முன்பக்கம், கடந்தகாலம் மூன்றும். அதைப் பேசும் முதியவர்கள் பழையதைச் சொல்லும்போது கையை முன்னால் நீட்டுகிறார்கள், வருவதைச் சொல்லும்போது தோளுக்குப் பின்னால் காட்டுகிறார்கள். கண்டது எதிரில், காணாதது முதுகுப்புறம். ஆஸ்திரேலியாவின் போர்ம்புராவில் குக் தாயோர் பேசுபவர்களிடம் ஒருவர் முதுமையடைவதைக் காட்டும் படங்களை வரிசைப்படுத்தச் சொன்னபோது பெரும்பாலும் கிழக்கிலிருந்து மேற்காக வைத்தார்கள். தெற்கு பார்த்து உட்கார்ந்தால் இடமிருந்து வலம், வடக்கு பார்த்தால் வலமிருந்து இடம்.

"கண்ணாடி உடைஞ்சிருச்சு"ன்னு சொல்றது தப்பிக்கிற புத்தியா?

தமிழில் தன்வினையும் பிறவினையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன: உடைந்தது, உடைத்தேன். தவறுதலாக நடந்ததற்குத் தன்வினை இயல்பு. ஸ்பானியமும் அப்படித்தான். ஆங்கிலம் தவறுதலுக்கும் ஆளைச் சொல்லும். பொரோடிட்ஸ்கி, ஃபாசி என்ற ஆய்வாளர்கள் இந்த இரு மொழியினருக்கும் காணொளி காட்டிப் பிறகு கேட்டார்கள். வேண்டுமென்றே செய்ததை யார் செய்தார் என்பது இருவருக்கும் ஒரேபோல் நினைவிருந்தது. தவறுதலாக நடந்ததில் ஆங்கிலத்தாருக்கே ஆள் அதிகம் நினைவிருந்தார். ஒரே நிகழ்வை ஆளை முன்வைத்து எழுதிக் கொடுத்தால் படிப்பவர்கள் கூடுதல் பழியும் கூடுதல் அபராதமும் போடுகிறார்கள் என்றும் காட்டினார்கள்.

ஆகவே வீட்டில் டம்ளர் உடைந்தால் பிள்ளையை விட்டுவிடுங்கள். "உயிரிழந்தார்" என்றா, "கொல்லப்பட்டார்" என்றா செய்தி எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். அங்கே வினைச்சொல் தற்செயலாக வருவதில்லை.

அத்தை, சித்தி, மச்சான்னு இவ்வளவு உறவுச்சொல் இருக்கிறதாலதான் நமக்குக் குடும்பப் பாசம் அதிகமா?

பாசத்தைச் சொல் கணக்கில் அளக்க முடியாது. இங்கே ஓட்டம் பெரும்பாலும் எதிர்த்திசையில். பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் அண்ணன் தம்பி. மாமன், அத்தை பிள்ளைகள் முறைமக்கள். யாரைக் கட்டலாம், யாரைக் கட்டக்கூடாது என்ற வழக்கம்தான் இந்தச் சொற்களைப் பிரித்தது. அமெரிக்க மானிடவியலாளர் லூயிஸ் ஹென்றி மார்கன் 1871இல் தமிழ் உறவுமுறையையும் வட அமெரிக்கச் செனகா மக்களின் முறையையும் அருகருகே வைத்து, தொடர்பேயில்லாத மொழிகள் இவ்வளவு ஒத்திருப்பதைக் காட்டினார். பெயர் வந்தபின் அது தன் வேலையையும் செய்யும்: மாமன் மகளுக்கும் சித்தப்பா மகளுக்கும் ஒரே பெயர் வைத்துப் பேசத் தமிழருக்கு நா எழாது.

மரியாதையும் இப்படித்தான். யாழ்ப்பாணத் தமிழில் நீ, நீங்கள் என்பவற்றுக்கு நடுவே "நீர்" வழங்குகிறது. அங்கே கணக்கு மூன்று படி.

இங்கிலீஷ்ல பேசும்போது நான் வேற ஆளா ஆயிடுறேன். எனக்கு மட்டுமா?

இல்லை. டேவால், பாவ்லென்கோ என்ற ஆய்வாளர்கள் பலமொழிக்காரர்களிடம் இணையவழி நடத்திய பெரிய ஆய்வில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் அப்படியே சொன்னார்கள். 1960களில் சூசன் எர்வின்-டிரிப், அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானியப் பெண்களிடம் பாதி வாக்கியத்தைக் கொடுத்து முடிக்கச் சொன்னார். "என் விருப்பம் குடும்பத்தோடு மோதினால்..." என்பதை ஒரு பெண் ஜப்பானியத்தில் "மிகுந்த துயரமான நேரம்" என்று முடித்தார். ஆங்கிலத்தில் "எனக்கு வேண்டியதைச் செய்வேன்" என்று.

ஆனால் இது இலக்கணத்தின் வேலை என்று எங்களுக்குத் தோன்றவில்லை. தமிழை வீட்டில் அம்மாவிடம் கற்றீர்கள், ஆங்கிலத்தை வகுப்பிலும் அலுவலகத்திலும். மொழி மாறும்போது கூடவே அந்த இடமும், அங்கே உங்களிடம் எதிர்பார்க்கப்பட்ட முகமும் வருகின்றன. நினைவும் அப்படி: ரஷ்யாவிலிருந்து அமெரிக்கா வந்த மாணவர்களிடம் ரஷ்யத்தில் கேட்டால் ரஷ்யத்தில் வாழ்ந்த காலத்து நினைவுகளும், ஆங்கிலத்தில் கேட்டால் ஆங்கிலத்தில் வாழ்ந்த காலத்தவையும் கூடுதலாக வந்தன.

"ஐ லவ் யூ" ஈசியா வருது, தமிழ்ல சொல்ல ஏன் கூச்சம்?

பின்னால் கற்ற மொழியில் சொல்லுக்குச் சூடு குறைவு. துருக்கி மொழியும் ஆங்கிலமும் தெரிந்தவர்களின் விரல்நுனியில் மின்முனை பொருத்தி 2003இல் அளந்தார்கள். சிறுவயதில் பெற்றோர் திட்டும் வகைச் சொற்களுக்குத் தாய்மொழியில் தோல் வியர்ப்பு கூடியது, ஆங்கிலத்தில் அவ்வளவு இல்லை. கெட்டவார்த்தை ஆங்கிலத்தில் கூசாமல் வருவதும் இதனால்தான்.

முடிவெடுப்பதிலும் இதன் நிழல் விழுகிறது. ஐந்துபேரைக் காப்பாற்ற ஒருவரை ரயில்முன் தள்ளிவிடலாமா என்ற புதிருக்கு, 2014இல் வெளியான ஆய்வில் தாய்மொழியில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் "தள்ளலாம்" என்றார்கள், அயல்மொழியில் மூன்றில் ஒருவர்.

சேமிப்புப் பழக்கம்கூட மொழியைப் பொறுத்ததுன்னு ஒரு பொருளாதாரப் பேராசிரியர் சொன்னாராமே?

கீத் சென், 2013. "நாளை மழை பெய்கிறது" என்று நிகழ்காலத்திலேயே பேசிவிடும் மொழிக்காரர்களுக்கு எதிர்காலம் பக்கத்தில் தெரிகிறது, அதனால் அதிகம் சேமிக்கிறார்கள் என்றார். சிக்கல் என்னவென்றால் மொழிகள் தனித்தனி ஆட்கள் அல்ல, அண்ணன் தம்பிகள். பத்து ஐரோப்பிய மொழிகளை எண்ணினால் பத்து ஆதாரம் ஆகாது, ஒரே குடும்பத்தைப் பத்துமுறை எண்ணியதாகும். 2015இல் ராபர்ட்ஸ், வின்டர்ஸ் ஆகியோரோடு கீத் சென்னே சேர்ந்து மொழிக்குடும்பத்தையும் கணக்கில் எடுத்தபோது அந்தத் தொடர்பு வலுவிழந்தது. நாமும் "நாளைக்குப் போறேன்" என்றுதான் சொல்கிறோம், சீட்டுப் போடுவதற்கு அதையா காரணம் காட்டுவது?

நான் எந்த மொழியில யோசிக்கிறேன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பெரும்பாலான யோசனை எந்த மொழியிலும் நடப்பதில்லை. மூளைப் பாதிப்பால் மொழித்திறன் கடுமையாகக் கெட்ட மூவரை ரோஸ்மேரி வார்லி குழு 2005இல் சோதித்தது. வாக்கியத்தில் செய்தவர் யார், செய்யப்பட்டவர் யார் என்று அவர்களால் பிரிக்க முடியவில்லை. கழித்தலில் எண்கள் இடம் மாறினால் விடை மாறும் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

மொழி ஒட்டிக்கொண்டிருப்பது துல்லியமான கணக்கில். ரஷ்யமும் ஆங்கிலமும் தெரிந்தவர்களுக்கு ஒரு மொழியில் கூட்டல் பயிற்சி கொடுத்து மற்ற மொழியில் கேட்டால் தாமதமாகிறது. தோராய மதிப்பீட்டில் அந்தத் தாமதம் இல்லை. தமிழ்வழியில் வாய்பாடு படித்தவர் எத்தனை ஆண்டு ஆங்கிலத்தில் வேலை பார்த்தாலும் "ஏழெட்டு அம்பத்தாறு" என்று முணுமுணுப்பது இதனால்தான். மாற்ற முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். மனதுக்குள் தமிழில் போட்டு விடையை ஆங்கிலத்தில் சொல்வதே வேகம்.

வெளிநாட்டுல வளருற பிள்ளைக்குத் தமிழ் வரலேன்னா, தமிழ்ச் சிந்தனை போயிடுமா?

சிந்திக்கும் திறன் எதுவும் குறையாது. போவது வேறு. மேலே சொன்ன சூடு, நினைவு, வா–வாங்க கணக்கு, பாட்டியோடு நேராகப் பேசுவது. அவை போகக்கூடாது என்றால், இலக்கணப் பாடத்தைவிட நாளில் ஒரு வேளையை முழுக்கத் தமிழுக்கு ஒதுக்குவது பயன்தரும்: சாப்பாட்டு நேரம், குளிக்கவைக்கும் நேரம், ஊருக்குப் போன் பேசும் நேரம். பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொன்னால் அதட்டாமல் அதையே தமிழில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போங்கள். ஒவ்வொரு பிழையையும் நிறுத்தித் திருத்தினால், தமிழ் என்றாலே திட்டு வாங்கும் மொழி என்று அதன் மனதில் பதிந்துவிடும், அந்தக் காயம் பிறகு எளிதில் ஆறாது.